பாதி அப்டேட்டில் போன கரண்ட்

மருந்துக்கடைக்காரர் மனைவியின் தலையில் நான் பாதிதான் சாயம் பூசியிருந்தேன், கரண்ட் போய்விட்டது. எங்கள் பானி ஊரில் கரண்ட் போவதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். மின்விசிறி நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டு பாதி வரியில் அறுந்தது. நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுப் பூச்சைத் தொடர்ந்தேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. நூரிஸ் அக்காவின் கம்ப்யூட்டருக்காகவே வாங்கியது. ஆனால் அதன் பாட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதுவும் அடங்கியது. கம்ப்யூட்டரின் சொந்த பாட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அக்காவின் முகத்துக்கு எதிரே இருந்த திரை கறுத்ததும்தான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அதில் ஓர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று.

அரை மணி நேரத்துக்குள் கரண்ட் வந்தது. வழக்கம்போல் தெரு முழுக்க "வந்துடுச்சு" என்று கூவினார்கள். நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தினேன். கம்பெனிச் சின்னம் வந்தது. அதன் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. திரை கறுத்தது. மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள், மறுபடி கறுப்பு. சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம்போல அது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளால் செய்ய முடிந்ததே அதுதான்.

அக்கா எங்கள் ஊர் ரேடியோவில் விடியற்காலை நிகழ்ச்சி நடத்தியவள். யார் செத்தார்கள், யாருடைய ஆடு காணாமல் போனது, யாருடைய அடையாள அட்டை சந்தையில் கிடந்தது, யாருக்குப் பிறந்தநாள், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். மேயரையே ஒருமுறை நேரலையில் "உங்க வீட்டு வாசல் ரோடு மட்டும் எப்படி இவ்வளவு வழவழப்பா இருக்கு?" என்று கேட்டவள். நரம்பு நோய் முதலில் கைகளை எடுத்தது, பிறகு கால்களை, கடைசியாகப் பேச்சை. கண்கள் மட்டும் மிஞ்சின. வாயின் ஓரத்தில் சிரிப்பாகக்கூடிய ஒரு சிறு அசைவும். திரையில் ஓர் எழுத்தை அவள் பார்த்தால் கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். எழுத்துகளைச் சேர்த்து வாக்கியமாக்கி உரக்கச் சொல்லும். அதுவும் யாரோ ஒருத்தியின் குரலில் இல்லை. அக்காவின் சொந்தக் குரலில். பேச்சு போவதற்கு முன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் பேசிப் பதிவுசெய்து, அதிலிருந்து செய்து வாங்கிய குரல்.

மறுநாள் தலைநகரிலிருந்து டாக்டர் பெனிதேஸ் அம்மா வருவதாக இருந்தது. அக்காவுக்கு விழுங்குவது கஷ்டமாகி எடை குறைந்துகொண்டே போனது. வயிற்றில் குழாய் வைக்கலாமா வேண்டாமா என்று அக்காவிடமே கேட்டு முடிவு செய்யத்தான் வருகிறார். அதற்கு முந்தின நாள் பார்த்தா இது இப்படி ஆக வேண்டும்!

பூங்கா பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வில்கினைக் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தான். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். அக்காவுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"அப்டேட் போட்டுட்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கு. இந்த வாரத்துல இது மாதிரி இன்னும் ரெண்டு வந்துச்சு. ஒண்ணும் பயப்படாதீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்."

"என்ன பண்ணணுமோ பண்ணுப்பா. நாளைக்கு டாக்டர் வர்றாங்க. அக்கா பேசணும், அவ்வளவுதான்."

மருந்துக்கடைக்காரர் மனைவி ஒருபக்கம் கத்திக்கொண்டிருந்தாள், தலை எரிகிறது, கழுவிவிடு என்று. நான் அவளை இழுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் வில்கின் பென் டிரைவைச் செருகும் சத்தம், தட்டும் சத்தம். பிறகு அவன் குரல்: "நூரிஸ் அக்கா, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குது. சரின்னு குடுத்துடட்டுமா? ... அட, தூங்குறீங்களா? சரி, நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கிறேன்."

அக்கா மதியத்தில் தூங்குவதே இல்லை. நான் ஈரக் கையோடு திரும்பினேன். அவள் கண்களை இறுக்கி மூடியிருந்தாள். புருவம் நடுங்கும் அளவுக்கு. எங்கள் வீட்டில் மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை.

"கையை எடு வில்கின்."

"என்னங்க?"

"அவ தூங்கலை. வேண்டாங்கிறா. கையை எடு."

அவன் சுட்டுக்கொண்டவன்போலக் கையை எடுத்தான். அலமாரிக்கு மேலிருந்து எழுத்துப் பலகையை எடுத்தேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அதுதான் எங்களுக்கு வழி. ஒவ்வொரு வரிசையாக விரலால் காட்ட வேண்டும், சரியான வரிசை வந்ததும் அக்கா மேலே பார்ப்பாள், பிறகு அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக. ஒரு வார்த்தைக்குள் சோறு வெந்துவிடும். அவள் சேர்த்த வார்த்தை இரண்டு: என் குரல்.

வில்கின் தலையைச் சொறிந்தான். "குரலா? அது இதுக்குள்ளயா இருக்கு? எங்கயாவது இன்னொரு காப்பி இருக்குமே."

இல்லை. பதிவு செய்த டிஸ்க் ரேடியோ ஸ்டேஷன் கைமாறியபோது குப்பைக்குப் போனது. குரல் செய்து தந்த குழுவும் கலைந்துவிட்டது. நகல் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று என் அக்கா புருஷன் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அவர் வீட்டைவிட்டே போய்விட்டார்.

"வேற குரல் போட்டுத் தரேன் அக்கா," என்றான் வில்கின் உண்மையான அக்கறையோடு. "மெக்சிகோக்காரி குரல் இருக்கு. ஸ்பெயின்காரி குரல் இருக்கு, அழகா, ராணி மாதிரி பேசுவா."

அக்கா கண்ணை மூடினாள். என் அக்கா ஸ்பெயின் ராணி மாதிரி எதிர்க்கடை எலிகியோவை உப்புக்கண்டம் கொண்டுவா என்று கூப்பிடுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும் நேரமில்லை.

"அப்போ எனக்கு மேல தெரிஞ்ச ஆள்தான் வேணும்," என்றான் வில்கின். "அழிக்காம சரிபண்றது எனக்கு வராதுங்க. வீணா கை வச்சு நான் அந்தப் பாவத்தைக் கட்டிக்க மாட்டேன்."

அவன் போனதும் அக்காவின் கண் பலகைக்குப் போனது. விரலை ஓட்டினேன். முதல் எழுத்து ஆர். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவள்போல "ரொட்டியா? பசிக்குதா?" என்றேன். கண்ணை மூடினாள். அடுத்து ஏ. "எனக்குத் தெரியலை அக்கா." அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் அவள் செருப்பை நான் போட்டுக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்த அன்று பார்த்த அதே பார்வை.

"சரி, சரி. கூப்பிடறேன். ஆனா எனக்கு இஷ்டமில்லை, அதையும் தெரிஞ்சுக்கோ."

ராடாமெஸ் அந்த ரேடியோவில் சவுண்ட் எஞ்சினியர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா பேசுவாள், அந்தப் பக்கம் அவர் பொத்தான்களோடு உட்கார்ந்திருப்பார். அப்படியே கல்யாணம் ஆனது. அவர்தான் அக்காவின் குரலைப் பதிவு செய்தார், கம்ப்யூட்டரை அமைத்துத் தந்தார். பிறகு ஒருநாள், அக்காவுக்குப் பேச்சு முழுவதும் போன சில மாதங்களில், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான நிசாவோவில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் சாமான்களை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தேன். அன்றிலிருந்து அவரை அத்தான் என்று கூப்பிட்டதில்லை.

போன் எடுத்தார். நான் முழுதாகச் சொல்வதற்குள் "எதையும் அழிக்கலையே?" என்றார்.

"இல்லை."

"பொத்தானைத் தொடாதீங்க. வரேன்."

வெயில் இறங்குவதற்கு முன் வாசலில் வந்து நின்றார். நரைத்திருந்தது. தோளில் ஒரு பை, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வழி மறந்திருக்கும்னு நினைச்சேன்," என்றேன்.

"மறக்கலை பெல்கிஸ்."

உள்ளே வந்து அக்கா எதிரே நின்றார். "எப்படி இருக்க கறுப்பி?" என்றார், பழைய செல்லப்பெயரில். அக்காவின் கண் பலகைக்குப் போனது. நான் விரலை ஓட்டினேன். இரண்டாம் எழுத்து வருவதற்குள், "தண்ணியா? தண்ணி வேணுமா?" என்றார். அக்கா கண்ணை மூடினாள். இன்னோர் எழுத்து. "ஃபேனைத் திருப்பணுமா?" மறுபடி மூடினாள். "வலிக்குதா? முதுகா?" நான் பலகையைக் கீழே வைத்துவிடலாமா என்று நினைத்தேன். கடைசியில் அவள் சேர்த்தது: முகத்தைத் துடை.

அவர் சட்டைக் கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கம்ப்யூட்டரில் செருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றினார். கண்ணைக் கவனிக்கும் பட்டை, ஸ்பீக்கர், மற்ற ஒயர்கள். பிறகு பொத்தானை அழுத்தி, சின்னம் வந்ததும் அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார்.

"தொடாதீங்கன்னு எனக்குச் சொல்லிட்டு நீங்க என்ன பண்றீங்க?"

"திரும்பத் திரும்பக் கிளம்ப முடியலைன்னா அதுக்கே சந்தேகம் வரும். வேற ஒரு சின்ன அறைக்கதவைத் திறந்துவிடும். ரிப்பேர் பண்ற அறை. அங்க போகத்தான்."

அப்படியே ஆனது. நீலத் திரையில் சில வழிகள் வந்தன. தானே சரிசெய்துகொள் என்று ஒன்று. அதைக் கொடுத்தார். நான் காப்பி போட்டு எடுத்து வந்தேன், குடித்து முடித்தேன், கோப்பையைக் கழுவினேன். முடியவில்லை என்று திரை சொன்னது. முந்தைய நாளுக்குத் திரும்பு என்று இன்னொன்று. திரும்புவதற்குச் சேமித்து வைத்த நாள் எதுவும் இல்லையாம். பையிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்துச் செருகி வேறு வழியாக உள்ளே போனார். குரலை மட்டுமாவது நகல் எடுத்துவிட்டால் பிறகு எது போனாலும் பரவாயில்லை என்றார். உள்ளே டிஸ்க் தெரிந்தது. பூட்டியிருந்தது. திருடர்கள் எடுத்துவிடாமல் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளுமாம்.

"அப்படி என்னதான் ஆச்சு இதுக்கு?"

"வீட்டுச் சாமானை மாத்திக்கிட்டிருக்கும்போது ஆள் மயங்கி விழுந்த மாதிரி. பழைய கட்டிலைப் பாதி வெளிய இழுத்தாச்சு. புதுக் கட்டில் வாசல்ல சிக்கி நிக்குது. உள்ளயும் போக முடியாது, வெளியயும் வர முடியாது. புதுக் கட்டிலை வெளிய தள்ளிட்டா பழையபடி படுக்கலாம்."

"அப்போ தள்ளுங்க. சாமானைத் தூக்கிக்கிட்டு வெளிய போற விஷயம் உங்களுக்குத் தெரியாததா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள். எதற்கு இல்லை என்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"தள்றதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் ராடாமெஸ். "இதுக்கு நடுவுலயும் கரண்ட் போச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் யாராலயும் முடியாது. ஜெனரேட்டர் யார் வீட்டுல இருக்கு?"

எதிர்க்கடை எலிகியோவிடம் இருக்கிறது, பீர் குளிர்பெட்டிகளுக்காக. போய்ச் சொன்னேன். டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். எலிகியோ ஒயரைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினான். மோட்டார் சைக்கிள்கள் ஏறிவிடாமல் மேலே அரிசிச் சாக்குகளைப் போட்டு, அவனே நடுரோட்டில் நின்றுகொண்டான். வருகிறவர்களிடமெல்லாம், "மெதுவா, மெதுவா, நூரிஸோட குரல் இதுக்குள்ள போயிட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ராடாமெஸ், கடைசி அப்டேட்டை நீக்கு என்ற வழியைக் கொடுத்தார். திரை பாஸ்வேர்டு கேட்டது.

அவர் வேகமாகத் தட்டினார். தவறு என்றது. நிதானமாக மறுபடி தட்டினார். தவறு. கையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"மாத்திட்டியா?"

அக்கா மேலே பார்த்தாள். ஆமாம்.

எனக்குப் பாஸ்வேர்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தினமும் பொத்தானை அழுத்தினால் நேராக அக்காவின் பலகை வந்து நிற்கும். அவர் போன பிறகு ஒருநாள் அவளே, தன் கண்ணாலேயே, ஒவ்வோர் எழுத்தாக அதை மாற்றியிருக்கிறாள். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நான் பிடிக்கிறேன்," என்று பலகையை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் முதல் வரிசையில் விரலை வைத்துவிட்டார்.

விரலை ஓட்டினார். ஆர். அவர் எழுதிக்கொண்டார். ஏ. அடுத்து டி.

எனக்கே தெரிந்துவிட்டது. ரேடியோ. அவள் வாழ்க்கையே அதுதானே. ராடாமெஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாய் திறந்தது. உதடு அந்த வார்த்தைக்கான வடிவத்துக்கே வந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. வெறுமனே, என்ன செய்யப்போகிறாய் என்று பார்ப்பதுபோல. அவர் வாயை மூடிக்கொண்டார். விரலைப் பலகையின் முதல் வரிசைக்கே கொண்டுபோய் மறுபடி தொடங்கினார்.

அடுத்த எழுத்து ஐ இல்லை. எச்.

அவர் விரல் நின்றது. அந்த எச்சை வைத்துத்தான் அவர் தன் பெயரை எழுதுவார், அது இல்லாமல் யாராவது எழுதினால் திருத்துவார். முகம் சிவந்தது. ஏ, எம், இ, எஸ். முழுப்பெயரும் வந்து நின்றது. விட்டுவிட்டுப் போனவனின் பெயரை ஒருத்தி பாஸ்வேர்டாக வைப்பாளா? எனக்கு அவள்மேல் ஆத்திரம்கூட வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவுதானா, முடிந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தவறிப்போயிருக்கும். விரலை மறுபடி மேலே கொண்டுபோனார். காத்திருந்தார்.

அக்கா தொடர்ந்தாள். ஒவ்வோர் எழுத்தாக. வெளியே எலிகியோ யாரையோ திட்டும் சத்தம். ஜெனரேட்டரின் உறுமல். நான் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தேன், படித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பெயருக்குப் பின்னால் வந்த வார்த்தை: வாயைமூடு.

ராடாமெஸ் தாளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் வாயோரம் ஆடியது.

"தினமும் இதைத்தான் நினைச்சிட்டிருந்தியா?" என்றார்.

மேலே பார்த்தாள். ஆமாம்.

தட்டினார். திரை ஏற்றுக்கொண்டது. நீக்குகிறோம், காத்திருக்கவும் என்றது. மூவரும் காத்திருந்தோம். அது ஒரு கட்டத்தில் நின்றேபோனது. அவர் அதைத் தொடவில்லை. என்னையும் தொடவிடவில்லை. நான் மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன், எலிகியோவின் ஜெனரேட்டரில் எண்ணெய் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து. முடிந்தது என்று வந்ததும் அவர் மெஷினை மறுபடி தொடக்கினார். சின்னம், புள்ளிகள். புள்ளிகள் சுற்றின, சுற்றின. திரை கறுத்தது. பிறகு மெதுவாக வெளிச்சம் வந்தது. அக்காவின் எழுத்துப் பலகை, அவளுக்குப் பிடித்த மஞ்சள் பின்னணியோடு.

உடனே கண் பட்டையைச் செருகுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் குரலை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். "இதை இந்த வீட்டுல வைக்காதே. எலிகியோ வீட்டுல வை." மற்றதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டார். அதன்பிறகுதான் பட்டையையும் ஸ்பீக்கரையும் செருகினார். அக்கா திரையில் நகரும் பொட்டுகளைக் கண்ணால் தொடர்ந்து, தன் பார்வையை அதற்குப் பழக்கினாள்.

பிறகு எழுத ஆரம்பித்தாள். முதல் வார்த்தை என் பெயர்.

"பெல்கிஸ்," என்றது என் அக்காவின் குரல், ரேடியோவில் விடியலில் கேட்ட அதே கனத்த குரல். "இந்த ஆளை ஓடிப்போனவன்னு குத்திக்காட்டறதை நிறுத்து. நான்தான் வெளிய போன்னு சொன்னேன்."

"நீயா? ஏன்? என்கிட்ட சொல்லவேயில்லையே."

அவள் எழுதினாள். நாங்கள் காத்திருந்தோம். "நீ கேக்கவேயில்லை. நான் 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா மிச்சத்தை இவரே முடிச்சுடுவாரு. ஒருநாள், எனக்குச் சாகப் பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன். 'எனக்கு'ன்னு வந்ததுமே சூப்பைக் கொண்டாந்து வாயில வச்சிட்டாரு."

ராடாமெஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது சூப் இல்லை," என்றார் மெதுவாக. "சன்கோச்சோ. ஏழு கறி போட்டது."

"சன்கோச்சோதான்," என்றது அக்காவின் குரல். "நல்லாத்தான் இருந்துச்சு."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் நான் சாப்பாடு ஊட்டியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், அவள் புருஷனை அவளுக்காகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவளுக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. "இப்பவும் பயமா இருக்கா?" என்றேன். அவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மேலே உயர்த்தினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ராடாமெஸ் கிளம்பும்போது, "சாப்பிட்டுட்டுப் போங்க அத்தான்," என்று வந்துவிட்டது வாயில். அவரும் கவனித்தார். ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தார். வாழைக்காய் மசியலும் பொரித்த சீஸும்தான் இருந்தது. மூன்று முறை போட்டுக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் பெனிதேஸ் அம்மா வந்தார். அக்காவின் எடையைப் பார்த்தார், நெஞ்சில் கேட்டார், நாற்காலியை நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். "நூரிஸ், குழாய் பத்திப் பேசினோமே. என்ன நினைக்கிறீங்க?"

"அவளுக்கு..." என்று நான் தொடங்கினேன். பாதியில் என் காதுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அக்கா எழுதினாள். டாக்டரின் போன் அடித்தது, அவர் அதை எடுக்காமல் பைக்குள் போட்டார். ஜன்னலில் ஒரு கோழி வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. வெளியே டாக்டரின் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

"குழாய் வைங்க," என்றது அக்காவின் குரல். "ஆனா தினமும் காலையில காப்பியை ஒரு துளி என் நாக்குல வைக்கணும். சர்க்கரை நிறைய. அதைக் குழாய்ல ஊத்தக் கூடாது."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "கண்டிப்பா. அப்புறம், மூச்சுக்கு மிஷின்? பின்னால அதையும் யோசிக்க வேண்டி வரும்."

இந்த முறை இன்னும் நேரமானது. அக்கா எழுதியதை அழித்தாள், மறுபடி எழுதினாள். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, திரையையும் எட்டிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்திருந்தார்.

"அது எனக்கு இன்னும் தெரியலை. தெரிஞ்சதும் நானே சொல்றேன். அவசரமா ஏதாவது ஆச்சுன்னா முதல்ல மிஷினை வைங்க, அப்புறம் என்னைக் கேளுங்க. என்னைக் கேக்காம யாரும் எனக்காக முடிவு சொல்லக் கூடாது. என் தங்கச்சியும்தான். அவ நல்லவ. ஆனா அவசரக்காரி."

"அப்படியே ஆகட்டும்," என்றார் டாக்டர். எனக்குக் கண்ணைத் துடைக்கத் துணி தேவைப்பட்டது. சாயத் துணிதான் கைக்குக் கிடைத்தது. முகமெல்லாம் பழுப்பாகிவிட்டது. அக்கா அதைப் பார்த்து எழுத ஆரம்பித்ததும் நான் முந்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியும், இருந்தாலும் அது முழுதாக முடியும்வரை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

மாம்பழக் காலத்தில் குழாய் வைத்தார்கள். அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியிருக்கிறது. ராடாமெஸ் அத்தான் திரும்பக் குடிவரவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. ஆனால் இன்வெர்ட்டருக்குப் புது பாட்டரிகள் கொண்டுவந்து மாட்டினார், அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். நிசாவோவிலிருந்து மீன் கொண்டுவருவார். நான் அடுக்களையில் அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது முன்னறையில் நெடுநேரம் ஒரு சத்தமும் கேட்காது. பிறகு அக்காவின் குரல் எழும். பெரும்பாலும் ஏதாவது வசவாகத்தான் இருக்கும். அவர் சிரிப்பார். மறுபடி சத்தமில்லாமல் போகும்.